ஓசி வக்கீலுக்கு ஒரு கேடயம்

அந்த அரங்கத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் எல்லாருடைய கோட்டையும் வாங்கிப் பக்கத்து அறையில் மாட்டிவிட்டு, எண் போட்ட அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடமும் கை நீட்டினாள். எனக்குக் குளிர் அதிகம் என்று சொன்னேன். என் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, பரவாயில்லை என்று சிரித்தாள். இந்த மாதிரி இடங்களில் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அதுவே பிடிப்பதில்லை.

கோட்டின் இடதுபக்க உள்துணிக்குள் என் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் இருந்தது. நானே தைத்து வைத்தது. வேலை பார்த்த கிடங்கில் சோதனை வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போய் முகாமில் போட்டார்கள். திருட்டுத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவர், திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். திருப்பி அனுப்பினால் ஊரில் இறங்கிய இடத்திலேயே அவருக்காகக் காத்திருக்க ஆட்கள் உண்டு. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் மாடியில் குடியிருக்கும் டிரைவர் அண்ணன் எந்த விஷயத்துக்கும் தீர்ப்புச் சொல்வார், அதனால் அவருக்கு ஐகோர்ட் என்று பெயர். அவர்தான் சொன்னார், பாஸ்போர்ட் புத்தகம் இல்லாத ஆளை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது, புத்தகம் கைக்குப் போனால் மறுநாளே ஏற்றிவிடுவார்கள் என்று. எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதும் அதுதான். அன்றைக்கே தைத்துவிட்டேன். ஐகோர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை.

முகாமிலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். பேசுவதை யாரோ கேட்பார்கள் என்று அவருக்கு நிச்சயம். அதனால், "குளிருதா? கோட்டு போட்டுக்கிறியா?" என்று மட்டும் கேட்பார். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பேன். ஹோட்டல் சலவைக்கூடத்தில், ஆவி பறக்கும் விரிப்புகளை மடித்துக்கொண்டு, கோட்டோடு நிற்கிறவள் நான். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு ஏதோ நோய் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் வக்கீலம்மா வந்தாள். சம்பளம் வேண்டாமாம். ஓசியாம். முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டாள். ஊரிலிருந்து எங்களைத் தனித்தனியாக அழைத்துவந்த ஏஜென்டும் அப்படித்தான் கூப்பிட்டான். அவனும் எங்கள் பாஷைதான், இவளும் எங்கள் பாஷைதான். அவனும் முதலில் கேட்டது பாஸ்போர்ட், இவளும் முதலில் கேட்டது பாஸ்போர்ட். அதில் விமான நிலைய முத்திரை இருந்தால் நேர்வழியில் வந்தவர் என்று காட்டிவிடலாம், அடுத்த விசாரணையிலேயே வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றாள். காசு வாங்காத வக்கீல், அரசாங்கத்துக்குத் தேவையான அதே பொருளைக் கேட்கிறாள். எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. ஏஜென்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னேன். என்னுடையதை அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போயிருந்தான், ஆகவே கண்ணீரும் தானாகவே வந்தது.

போன வாரப் போனில் அவர் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. திங்கட்கிழமை விசாரணையும் தள்ளிப்போனால், தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அங்கே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆகிறது ஆகட்டும் என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மறுநாள்தான் விழாவுக்கு அழைப்பு. ஓசியில் வழக்கு நடத்தும் வக்கீல்களுக்குப் பாராட்டாம். எங்களைப் போன்ற குடும்பத்திலிருந்து ஒருத்தர் வந்து, எங்கள் வக்கீலம்மாவுக்குக் கேடயம் கொடுக்க வேண்டுமாம். ஆக, எங்களை வைத்துப் படம் காட்டப்போகிறார்கள் என்று புரிந்தது. இருந்தாலும் போனேன். அவள் யாரோடு நிற்கிறாள், யார் அவளுக்குக் கை கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

பார்த்தேன். முன்வரிசைக்குப் பக்கத்தில், தேநீர்க் கோப்பையோடு, என் வீட்டுக்காரரைத் திருட்டு நுழைவு என்று கோர்ட்டில் அடித்துப் பேசிய அரசாங்க வக்கீல் நின்றுகொண்டிருந்தான். அதே ஆள், அதே கண்ணாடி. அவன் ஏதோ சொல்ல, வக்கீலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் பல்லைத் தொட்டுக் காட்டி இன்னும் ஏதோ சொன்னான், மறுபடி சிரித்தாள். பார்த்தாயா, பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாடா என்றுகூட இருந்தது, சொல்வதற்கென்ன. இத்தனை மாதம் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

மேடையில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மனிதநேயம், சேவை, தியாகம் என்று மைக் பிடித்த பெரியவர் அள்ளிவிட்டார். பாராட்டப்படுகிறவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். எங்கள் வக்கீலம்மா கைபேசியை மடியில் ஒளித்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம். அதை நான் நீட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள். அதோடு இறங்கிவிடலாம் என்று திரும்பினால், போட்டோக்காரர் இன்னும் நெருக்கமாக நிற்கச் சொன்னார். அவள் ஒரு கையால் என்னைச் சேர்த்து அணைத்தாள். அவள் உள்ளங்கை என் இடதுபக்கம் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது. விரல்கள் மெதுவாக ஒரு மூலையைத் தேடி, அங்கிருந்து அடுத்த மூலைக்குப் போயின. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அக்கா, இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

நான் கேமராவைப் பார்த்தேன். இன்னும் ஒன்று என்றார் போட்டோக்காரர்.

மேடையை விட்டு இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்துக் கோட்டுகள் மாட்டியிருந்த அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்ட ஏஜென்ட் எடுத்துட்டுப் போயிட்டான்னு நான் கோர்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். என் பேர்ல" என்றாள்.

அவளுக்கும் இழக்க ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விடவில்லை. அந்த ஆளோடு என்ன சிரிப்பு என்று கேட்டேன். எந்த ஆள் என்றே முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும், அவன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம், பள்ளிக்கூடத்தில் அதை எங்கோ புதைத்துவிட்டு வந்து தோண்டச் சொல்லி அழுகிறதாம் என்றாள். திங்கட்கிழமை அவனோடுதான் மல்லுக்கட்டியாக வேண்டும், இன்றைக்குச் சிரித்து வைப்பதில் என்ன குறைந்துவிட்டது என்றாள். பல் கதை. இப்படிப்பட்ட கதையை யாரும் வேலை மெனக்கெட்டு இட்டுக்கட்ட மாட்டார்கள் என்று தோன்றியது. இட்டுக்கட்டத் தெரிந்தவர்கள் இதைத்தான் சொல்வார்கள் என்றும் தோன்றியது.

"எதுக்கு ஓசில செய்யறீங்க?" என்று கேட்டேன். இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"அதத்தான் மேடையில சொன்னாங்களே."

"அவங்க சொன்னது இருக்கட்டும். நான் உங்களக் கேக்கறேன்."

யோசித்தாள். "எனக்கே சரியாத் தெரியலக்கா" என்றாள். எரிச்சலோடுதான் சொன்னாள், நேரங்காலம் தெரியாமல் கேட்கிறேனே என்கிற மாதிரி.

ஏஜென்டிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கேட்காத கேள்விக்கும் வைத்திருந்தான். நான் கோட்டைக் கழற்றினேன்.

வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள், புத்தகம் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்திருங்கள், திங்கட்கிழமை நீங்களே கொண்டுவந்து நீதிபதி முன்னால் வையுங்கள் என்றாள். இப்போது முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமாம். இருந்தால், தான் எழுதிக் கொடுத்தது தவறு என்று இன்றைக்கே திருத்தி எழுத உட்கார வேண்டும்.

"இல்லன்னா?"

"இல்லன்னா அவரை விமானத்துல ஏத்தறதுக்குத்தான் அது உதவும். நீங்க பயந்தது சரிதான்."

பிறகு, "முத்திரை இருக்கில்ல? நீங்க பாத்திருக்கீங்கல்ல?" என்றாள்.

நான் பார்த்ததில்லை. அவர் எனக்கு முன்னால் வந்தவர். விமான நிலைய வாசல் வழியாகத்தான் வந்தேன், முத்திரை குத்தினார்கள் என்று சொன்னார். அதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை, எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார். தைக்கும்போது பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். முத்திரை இருந்தால் போதும் என்று இவள் சொன்ன அன்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரித்தால் மறுபடி தைக்க வேண்டுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவரை மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

"இருக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தாள், கிடைக்கவில்லை. இரட்டை நூல், நான் நெருக்கிப் போட்ட தையல், நகத்துக்கு மசியவில்லை. விழாவுக்கென்று உடுத்திவந்த பட்டோடு தரையில் மண்டியிட்டு, உள்துணியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். வெளியே மைக்கில் பாராட்டுப் பெற்றவர்களை எல்லாம் ஒன்றாகப் படம் எடுக்க அழைத்தார்கள். ஒவ்வொரு பெயராக வந்து, அவளுடைய பெயரும் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் வந்தது. அவள் நிமிரவில்லை. துணியின் மறுபக்க ஓரத்தை நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன், அவள் நூலைப் பல்லில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள்.