பழைய போட்டோ கேட்ட டாக்டர்

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து பிறந்தது. சுரங்கத்தில் வேலை பார்க்கும் எதிர் குவார்ட்டர்ஸ் சண்முகசுந்தரத்தோடு ஒன்பது வருஷமாக ஞாயிறுதோறும் டீ குடிக்கிறேன். முகங்களைக் கூர்ந்து பார்த்து எழுதுகிறவன் என்று பெயர் வேறு. அவருடைய வலது கண் இறங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மைன்ஸ் தூசி படிந்துபோன அந்தக் கண்ணில்…' (அடித்துவிட்டேன். தூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.)

நடந்தது இதுதான். புது அடையாள அட்டைக்கு அவரைப் படமெடுத்தவர், "சார், தலையை நேரா வைங்க" என்று மூன்று தடவை சொன்னார். தலை நேராகத்தான் இருந்தது.

மனைவி விஜயகுமாரி அவரைப் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேனில், கண்குழிக்குள் கண்ணீர்ச் சுரப்பியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி.

"வலிக்குதா சார்?" டாக்டர் தேவயானி கேட்டார்.

"இல்லைங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"போன வாரந்தாங்க பார்த்தோம்," என்றாள் விஜயகுமாரி.

"பழைய போட்டோ இருந்தா காட்டுங்கம்மா."

அவள் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். போன பொங்கல்: கண் இறங்கியிருந்தது. மகள் கல்யாணம்: இறங்கியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய வடலூர் தைப்பூசம்: அதிலும், லேசாக.

"தினம் எதிர்ல உக்காந்துதான் சோறு போடறேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"நல்லதாப் போச்சும்மா. வலியில்லாம இத்தனை வருஷம் மெதுவா வளர்ந்திருக்குன்னா பெரும்பாலும் புற்றா இருக்காது. ஆனா கிள்ளியெடுத்து டெஸ்ட் பண்ணக்கூடாது. உறை உடைஞ்சா திரும்ப வரும். முழுசா எடுத்துடலாம்."

தான் கவனிக்காமல் விட்ட வருஷங்களை ஒருவர் நல்ல சேதியாகச் சொல்ல, அவள் அந்தத் தைப்பூசப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள்.

3

(இங்கே அவளைச் சந்தேகப்பட்டேன். ஒரு மனைவிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பயத்தில் மறைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு என் போனில் அவர் படங்களைத் தேடினேன். பதினேழு. எல்லாவற்றிலும் இறங்கிய கண். எல்லாம் நான் எடுத்தவை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

கண்ணோரத்து எலும்பைத் திறந்து, கட்டியை உடையாமல் எடுத்தார்கள். புற்றில்லை என்று முடிவு வந்தது. (வேறு மாதிரி வந்ததாகவும் ஒரு முடிவு வைத்திருந்தேன். அதில் விஜயகுமாரி அந்தக் காகிதத்தைப் பிரித்து…)

மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். அவர் கண்ணாடி பார்க்கவில்லை. அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"குமாரி, கண்ணு பழையபடி ஆயிடுச்சா?"

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் பழகியது இறங்கிய கண்ணுள்ள முகம். எதிரே யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவள் சொன்னதை நான் எழுதமாட்டேன். அடுத்து அவர் என் பக்கம் திரும்பி அதையே கேட்டார். பழைய கண் எப்படியிருந்தது என்று கவனிக்காதவன் நான். அந்தப் பதிலையாவது நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.