நிமிர்த்தி வைத்த துப்பாக்கி

சுந்தரேஷ் மத்திய சர்க்காரில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. சர்க்காருக்கு அது தெரியும்; அவருக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. ஜனக்புரி வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது என்று மனைவி வத்சலா வாயால் சொன்னால் போதாது, துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

அப்படிப்பட்டவர் கையில் மகள் மேதாவின் துப்பாக்கி வந்து சேர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்தது. துக்ளகாபாத் ரேஞ்சில் ஆகாயத்தில் பறக்கும் களிமண் தட்டுகளை அவள் அதைக் கொண்டுதான் உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்தே நாள் டெங்குவில் போய்விட்டாள்.

“பொண்ணு தோள்ல துப்பாக்கியா? நாலு பேர் என்ன சொல்லுவா?” என்று ஒரு போட்டிக்கும் போகாத மனுஷர், வத்சலாவையும் போகவிடாதவர், வாரிசு லைசென்ஸ் கைக்கு வந்ததும் பக்தராகிவிட்டார். ஞாயிறு தவறாமல் குளித்துவிட்டு வந்து, கீலிலிருந்து விசை வரை எண்ணெய் அபிஷேகம். மலை மந்திர் முருகன் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பான். பிறகு இரும்பு அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொள்வார். தூங்கும்போதும் அது அங்கேதான். பராமரிப்புப் பதிவேட்டில் ‘எண்ணெய் இடப்பட்டது’ என்று எழுதி முழுக் கையெழுத்து.

முதல் தடவை அலமாரியைத் திறந்தபோது, துப்பாக்கி ஒரு பழைய துண்டின் மேல், குழல் வாய் கீழே இருக்க, தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

“தொடப்பம் மாதிரி வெச்சிருக்கா பாரு. ஆயுதத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?” என்று அதைச் சிப்பாய்போல நிமிர்த்தி வைத்தார்.

“அவ ஏதாவது காரணமாத்தான் அப்படி…”

“உனக்கு என்ன தெரியும்?”

வத்சலா ரசத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேதாவின் நினைவாக ஒரு போட்டி. அவளோடு சுட்ட ஷ்வேதா, அவள் துப்பாக்கியாலேயே முதல் தட்டை உடைப்பதாக ஏற்பாடு. ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது வத்சலாவுக்கு.

வெள்ளிக்கிழமை துப்பாக்கியைச் சரிபார்க்க இரண்டு பேருமாக கஷ்மீரி கேட் போனார்கள். மிஸ்திரி இர்ஃபான், மேதாவின் துப்பாக்கியை வருஷா வருஷம் பார்த்தவர். சுந்தரேஷ் பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். இர்ஃபான் அதைத் தொடவில்லை. துப்பாக்கியை மடக்கி, குலுக்கி, குழல்களை வெளிச்சத்தில் பார்த்தார்.

“இரும்பு ஏ-ஒன், சாப். இன்னும் முப்பது வருஷம் ஓடும்” என்றார் இந்தியில்.

சுந்தரேஷ் திரும்பி வத்சலாவைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவள் பார்த்துச் சலித்த பார்வை.

இர்ஃபான் தோளில் பதியும் மரப் பின்கட்டையைக் கழற்றினார். இரும்போடு சேரும் இடத்தில் மரம் கறுத்து, ஊறின பேரீச்சம்பழமாக இருந்தது. அழுத்தினார், நகம் உள்ளே இறங்கியது. பக்கத்தில் மயிரிழையாக ஒரு விரிசல்.

“எண்ணெய் ஜாஸ்தி, சாப். நிமிர்த்தி வெச்சா அவ்வளவும் மரத்துக்குள்ள இறங்கிடும். இப்பச் சுட்டா ஒரே உதையில பிளந்துடும். மேதா பொண்ணு எப்பவும் தலைகீழாத்தானே வெப்பா?”

சுந்தரேஷ் மேஜைமேலிருந்த பதிவேட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வேற கட்டை போடக் கூடாதா, பாய்?” என்று கேட்டாள் வத்சலா.

“போடலாம் ஆன்ட்டி. ரெண்டு மாசம் ஆகும். ஆனா இது வராது.” கட்டையின் ஒரு பக்கத்தைக் காட்டினார். கன்னம் பட்டுப் பட்டு அங்கே மட்டும் மெருகு போயிருந்தது. வத்சலா அதில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து சுந்தரேஷ் அலமாரியைத் திறந்தார். அடியில் அந்தத் துண்டு அப்படியே கிடந்தது. கையில் துப்பாக்கியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வத்சலா, இதை யாரு நிமித்தி வெச்சது?”

இந்த மனுஷரின் காற்றைப் பிடுங்க ஒரு ஊசி கிடைக்காதா என்று அவள் ஏங்காத நாள் இல்லை. இப்போது கடப்பாரையே கையில் இருந்தது.

“நான்தான். தீபாவளிக்கு அலமாரி தொடைச்சப்போ.”

அவர் கை தானாக மார்புக்குப் போயிற்று. சாவி அங்கேதான் தொங்கியது. அதைத் தடவினார். அவளைப் பார்த்தார்.

“ஆயுதத்தையெல்லாம் தொடாதேன்னு எத்தனை தடவை…” துணைச் செயலரின் குரல்தான். பாதியில் நின்றுவிட்டது.

“இனிமே தொடலை” என்றாள் வத்சலா. துண்டை நான்காக மடித்துப் போட்டாள்.