பாறைக்குப் பின்னால் எக்ஸ்ரேக்காரர்

இந்த வருடம் புகைப்படச் சங்கத்துக் காலண்டரில் ஒரு மாதம் தனக்குத்தான் என்று எக்ஸ்ரேக்காரர் காய்கறிக் கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், மாடி வீட்டுக்காரரைப் படிக்கட்டில் மடக்கியும் சொன்னார். படம் மட்டும்தான் இன்னும் எடுக்கவில்லை. தலைப்பு ‘ஓடும் நீர்’. கடைசி நேரம் ஞாயிறு மாலை ஐந்து மணி. மனிதர் ஞாயிறு காலையில்தான் மனைவியை எழுப்பி, “கிளம்பு, ஆத்துக்குப் போறோம்” என்றார். அந்த அம்மாள் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையை மூன்று முறை வாரிக்கொண்டு கிளம்பினார். எதற்கென்று இவர் கேட்கவும் இல்லை.

பாறைகளில் முட்டி மோதி ஆறு நுரைத்துப் பாயும் இடம் அது. கேமரா முக்காலியை ஊன்றி, லென்ஸில் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். இருபது விநாடி திறந்து வைத்தால் ஓடும் தண்ணீர் பட்டாகப் படியுமாம். பிறகு ரிமோட்டோடு நேராக ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அமுக்கினார். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே பொத்தான் அமுக்கியவர். கால் தானாகப் போகிறது, என்ன செய்வது?

மதியத்துக்குள் முப்பது படம். மரத்தடியில் இருந்த மனைவியிடம் காட்டினார்.

“எப்படி இருக்கு?”

“பால் பொங்கி அடுப்புல வழிஞ்ச மாதிரி இருக்கு.”

“சரி, அடுத்தது பாரு.”

“இது துடைச்சதுக்கு அப்புறமா?”

அவர் முகம் சுருங்கியது. முப்பதிலும் வெறும் வெள்ளைதான், கண் நிற்க ஓர் இடமில்லை என்று அவருக்கே தெரியும். நாளைக்கு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

சாப்பிட்டுவிட்டு இடம் இடமாக மாற்றிப் பார்த்ததில் மணி நாலரை ஆகிவிட்டது. பேட்டரி சிவப்பைக் காட்டியது. கடைசியாக ஒன்று என்று குறி வைத்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். பழக்கதோஷம், வாயும் சேர்ந்துகொண்டது: “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க...”

காலையிலிருந்தே இப்படித்தான். ஆனால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. இப்போது சாப்பாட்டு டப்பாவைக் கழுவ மனைவி தண்ணீர் ஓரத்துக்கு வந்திருந்தார்.

“மூச்சை விடலாம்” என்று வெளியே வந்து திரையைப் பார்த்தார். ஆறு முழுக்கப் பட்டாக ஓட, படத்தின் நட்டநடுவில் மனைவி. கையில் டப்பா. இரண்டு கன்னமும் உப்பி, இம்மிகூட அசையாமல்.

“நீ எங்க இங்க வந்த?”

“நீங்கதானே அசையாதன்னீங்க! கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல இன்னிக்காவது என்னை எடுக்கத் தோணுச்சேன்னு நின்னேன். ‘பிடிங்க’ன்னு மரியாதை வேற!”

திட்ட வாயெடுத்தவர் மறுபடி படத்தைப் பார்த்தார். நாள் பூராவும் தேடியது இதைத்தான். அவசரமாகப் போனுக்கு இறக்கினார். அத்தோடு கேமரா கண்ணை மூடியது.

போனிலேயே நிரப்பி அனுப்ப வேண்டிய சங்கத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: படத்தில் இருப்பவரின் சம்மதம். மணி நாலு ஐம்பது.

“இதுல ஒரு டிக் போட்டுடும்மா.”

அந்த அம்மாள் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில், வலியோடு வருகிறவர்களையே காக்க வைத்துப் பழகியவர். “உக்காருங்க, கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டார்.

“மணி ஆகுது!”

“கன்னம் பூசணிக்காய் மாதிரி இருக்கு. இதை ஊரே ஒரு மாசம் பார்க்கணுமா?”

“அதுதான் படமே!”

“அப்படியா? அப்ப நான் எப்படி இருக்கேன், சொல்லுங்க.”

உடம்பில் உள்ள எலும்பையெல்லாம் பெயர் சொல்லி அடுக்கக்கூடிய மனிதர் திணறினார். “தண்ணியெல்லாம் ஓடிப் போயிடுச்சு. நீ ஒருத்திதான் நிக்கற.”

“அது தகவல். பாராட்டு எங்க?”

“நல்லா இருக்க.”

“ஆத்து இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.”

“நீ ரொம்ப அழகா இருக்க!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

அக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கையை ஆட்டினார். நாலு ஐம்பத்தெட்டுக்கு அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.