அறுநூற்றிருபது

இலங்கை ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்ற அரியரத்தினம் பொய் சொல்வதில்லை. மெல்பேர்னில் எவர் கேட்டாலும், தனக்கு மாதம் அறுநூற்றிருபது பென்சன் வருகிறது என்றுதான் சொல்வார். ரூபாயா, டொலரா என்று எவரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கெட்ட பழக்கமும் அவரிடம் இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிந்ததும், ஆஸ்திரேலிய அரசின் முதியோர் பென்சனுக்கு விண்ணப்பிக்கும்படி மனைவி பவளம் சொன்னாள். மகள் வீட்டுப் பின்னறையில், தையல் மெசினுக்கும் பேரப்பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் நடுவே படுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. டண்டினொங் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தாள். ஃபிளாட்டின் சொந்தக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பாராம். இரண்டு பென்சனும் சேர்ந்தால்தான் வாடகை கட்டலாம்.

படிவத்தில் 'வேறு வருமானம்' என்றொரு கட்டம் இருந்தது. ரூபாய் விழுந்து கிடந்த அந்த வருடத்தில் அறுநூற்றிருபதை மாற்றினால் நாற்பது டொலர்கூடத் தேறாது. சாட்சிக் கையெழுத்துப் போட எதிரே உட்கார்ந்திருந்தவரோ வரதராஜா. அங்கே இவருக்குக் கீழே டிக்கெற் கொடுத்தவர், இங்கேயும் 'சேர்' என்று எழுந்து நிற்பவர். அவர் கண்முன்னே நாற்பதுக்குக் கீழே எழுதுவதா? அரியரத்தினம் 620 என்று எழுதினார். நல்ல கொட்டை எழுத்தில்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. இவ்வளவு வருமானம் உள்ளவருக்கு அரசின் உதவி தேவையில்லையாம். தன் அந்தஸ்தை இந்த நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டதே என்று அரியரத்தினம் அதை இரண்டுமுறை வாசித்துக் காட்டினார்.

"கடிதத்துக்குள்ளையே குடியிருக்கப் போறியளோ?" என்றாள் பவளம்.

திருத்தம் செய்வதென்றால் சாட்சியும் வரவேண்டும் என்று பென்சன் அலுவலகத்தில் சொன்னார்கள். மூவருமாகப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண், இது எந்த நாட்டுப் பணம் என்று கேட்டாள். அரியரத்தினம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ரயில் தாமதமாகிவிட்டது போலிருந்தது அவர் பார்வை.

கடையில் தவிர வேறெங்கும் ஆங்கிலம் பேசியறியாத பவளம் வாயைத் திறந்தாள். "ருப்பீஸ்," என்றாள். "ஒன்லி ருப்பீஸ்."

அந்தப் பெண் கணக்குப் போட்டுவிட்டு, இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தி டொலர்த் தொகையைச் சொன்னாள். அதனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். வரதராஜா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "வாங்கோ அண்ணை, ரயிலுக்கு நேரமாச்சு," என்றார். இருபது வருடத்துச் 'சேர்' அந்தப் படிக்கட்டிலேயே இறங்கிக்கொண்டது.

ஃபிளாட் கிடைத்தது. குடிபுகுந்த அன்று, இவ்வளவு பெரிய ரயில்வே பென்சன்காரருக்கு அரசாங்கப் பென்சனும் எதற்கு என்று ஜெயரட்ணம் என்ற அயலவர் கேட்டார்.

"என்ரை பென்சனைப் பார்த்திட்டுத்தான் அவங்கள் இதையும் சேர்த்துத் தந்தவங்கள்," என்றார் அரியரத்தினம். அவர் பொய் சொல்வதில்லை.

"ஓம், அண்ணை சொல்லுறது முழு உண்மை," என்றார் வரதராஜா, வாய் நிறைய வடையுடன். "நான்தானே சாட்சி."

பவளம் வரதராஜாவின் தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்தாள்.