காளியாயி வீட்டு பேட்டரிக் கட்டை

மன்னார்புரம் காளியாயி, தீர்ந்துபோன பேட்டரிக் கட்டை ஒன்றைச் சுண்டை வற்றலோடு கொல்லைக் கரிமண்ணில் காயப்போட்டாள். அது உயிர்பிடித்து, ஐம்பத்தேழாம் வருஷம் ஆடியிலிருந்து இன்றுவரை எரிகிறது. தீர்ந்த கட்டையை வெயிலில் வைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவது திருச்சியில் எல்லா வீட்டிலும் உண்டு. இதற்கு மட்டும் நாலு நாள் முடியவே இல்லை.

அந்த மண்ணில் பேட்டரி மருந்து செய்தால் கட்டுபடியாகுமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு என்ன செலவு என்று கணக்குப் போட, கட்டையின் ஆயுள் தெரிய வேண்டும். ஆயுள் தெரிய, அது அணைய வேண்டும். பல்பை மாட்டி, அணைந்ததும் எழுது என்று, கூட வந்த குமாஸ்தா இருதயநாதனை அங்கே உட்கார வைத்துவிட்டுக் குழு ஜீப்பேறிப் போனது.

பாவம், அவருக்குத் தற்காலிக வேலை. அறிக்கை போனால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று பாலக்கரை செல்வமேரியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். குழுவின் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள். ஜீப்பே ஏலத்தில் போனது. பல்பும் கட்டையோடு சேர்ந்து கெட்டு, ஃபியூஸ் ஆக மறந்துவிட்டது. சத்திரம் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்த ஷேக் தாவூது வந்து பார்த்துவிட்டு, "ஒருதரம் வாங்கினவன் பேரன்கூடக் கடைப்பக்கம் வரமாட்டான். இது வியாபாரமா சார், தண்ணிப்பந்தலா?" என்று கேட்டுப் போனார்.

அறுபத்துநாலில் செல்வமேரியே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"பல்பைக் கட்டிக்கிறீங்களா, என்னையா?"

"அணையாம நான் என்னத்த எழுதுறது மேரி?"

"நீங்க ரிட்டையர் ஆகுறது எப்ப?"

"எண்பத்தி மூணுல."

"அதுவரைக்கும் எரியும்னு எழுதுங்க. அப்புறமும் எரிஞ்சா உங்களை யார் கேக்கப்போறா?"

"நல்ல பொண்ணு தம்பி, விட்டுடாதீங்க" என்றாள் காளியாயி.

எழுதினார். ஷேக் தாவூது சொன்னதையும் சேர்த்தார். இருபத்தாறு வருஷம் தீராத சரக்கை உற்பத்தி செய்வது கட்டுபடியாகாது என்று மேலிடம் தீர்மானித்தது. அதை யாரும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள நிரந்தர ஆள் ஒருவரையும் நியமித்தது. இருதயநாதனைத்தான்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள்; ஆட்சேபணை வரவில்லை. இருவரும் காளியாயி வீட்டிலேயே ஒரு பக்கம் குடியேறினார்கள். வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று செல்வமேரி பல்பின் மேல் ஊதாப் பாவாடை ஒன்றைப் போட்டு மூடினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ராத்திரி என்பது ஊதா நிறம்.