கண்ணை மறைத்த படம்

வளர்சிதை மாற்றத்திலும் வளர்ச்சி ஹார்மோனிலும் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று பேராசிரியர் பல மேடைகளில் அடக்கத்தோடு சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹார்மோன் ஐயா. வளர்ந்தவர்களுக்கு அந்த ஹார்மோன் அளவு மீறிச் சுரந்தால் உயரம் கூடாது. கையும் காலும் தாடையும் மெல்ல மெல்லப் பெரிதாகும். கூடவே இருப்பவர் கண்ணில் அது படாது. அதனால் பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் அவருக்குப் புகழ் தேடித் தந்த முறை.

வீட்டில் அவர் மனைவிக்கு மோதிரம் இறுகிப்போய், நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். செருப்பின் அளவு ஏறிக்கொண்டே போனது. தலைவலி விடவில்லை.

"ஏங்க, என் கையைக் கொஞ்சம் பாருங்களேன்."

கட்டுரையின் அடிக்குறிப்பில் மூழ்கியிருந்தவர் நிமிரவில்லை. "சாப்பாட்டைக் குறை. எல்லாம் சதை."

"சதை வச்சா பாதம் நீளமாகுமா?"

"சந்தேகமா இருந்தா கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கு. வீட்ல நான் நோயாளியைப் பார்க்கறதில்ல. அது என் கொள்கை."

கொள்கை உள்ளவர்களோடு குடித்தனம் நடத்துவதும் ஒருவகைத் தவம்தான். ஆண்டவன் கணக்கில் வைத்துக்கொள்வான். அந்த அம்மாள் கிளினிக்குக்குப் போன் செய்தார்.

"சார் மாநாட்டு வேலையா இருக்கார்மா. மழைக்காலம் முடிஞ்சு கூப்பிடுங்க" என்றார் குமாஸ்தா.

"நான் அவரோட மனைவி பேசறேன்."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க."

மாநாட்டுக்கு முன் வீட்டு ஹாலில் ஒத்திகை நடப்பது வழக்கம். ஸ்லைடுகளை வரிசைப்படுத்துவது மகள். அவளிடம் அம்மா தன்னுடைய இரண்டு போட்டோக்களைக் கொடுத்தார்.

"மாநாட்டுலயே போட்டுடலாம்மா. நாலு பேர் முன்னாடி உறைக்கட்டும்."

"வேணாம்டி. அவர் தலைகுனிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தா போதும்."

ஒத்திகையில், சுவரில் இரண்டு முகங்கள் வந்தன. நோயாளிகளின் படங்களில் செய்வதுபோலவே, கண்கள்மேல் கறுப்புப் பட்டை.

"இது யாரு கேஸ்?"

"புதுசுப்பா. பேசுங்க."

பேராசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. குச்சியை எடுத்தார். "முதல் படத்துல நல்ல லட்சணமான முகம். அடுத்ததைப் பாருங்க. தாடை முன்னால வந்திருக்கு, மூக்கு அகன்றிருக்கு, உதடு தடிச்சிருக்கு. சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த அம்மாவுக்கு ஒரு புருஷன் இருப்பார். தினம் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அவரைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல அவரைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பணும்."

மகளும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சிரிக்கல? இந்த இடத்துல எப்பவும் சிரிப்பாங்களே."

மகள் அடுத்த படத்தைப் போட்டாள். வெட்டுப்பட்ட மோதிரம். கல்யாணத்தன்று அவர் கையாலேயே போட்டது.

சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். சுவரில் சொன்ன தாடை, சொன்ன மூக்கு, சொன்ன உதடு எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. பட்டை மட்டும் இல்லை.

"எவ்வளவு நாளா?"

"நீங்க அடிக்குறிப்பு எழுத ஆரம்பிச்சதுலேருந்து."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்து, மனைவியின் செருப்பைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துக் குதிகாலை அழுத்திப் பார்த்தார். வியர்க்கிறதா, தலை எந்தப் பக்கம் வலிக்கிறது, பார்வை மங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மாள் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"சரியாயிடுமா?"

"மூளைக்கு அடியில சின்னக் கட்டியா இருக்கும். எடுத்துடலாம். நேரத்தோட பார்த்தா..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

கிளினிக்குக்குப் போன் போட்டார். "நாளைக்கே ரத்தப் பரிசோதனை பண்ணணும். ஸ்கேனும் எடுக்கணும். பேராசிரியரோட மனைவிக்கு."

குரல் அவ்வளவு தணிந்திருந்ததால் குமாஸ்தாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. லைன்ல இருங்க."

ஹார்மோன் ஐயா காத்திருந்தார். ஒரு கையில் போன். மறு கை அந்தப் பாதத்தை விடவில்லை.