உடைத்து வைத்த ஜன்னல்

அப்பா எழுதிய நாவலில், அம்மா ஜன்னல் வழியாக இறங்கி ஒரு துணிக்கடைக்காரனோடு ஓடிப்போகிறாள். நிஜத்தில் ஓடிப்போனவர் அப்பாதான். அம்மா அந்த வீட்டிலேயே கிடந்து, வக்கீல் ஆபீசில் டைப் அடித்து என்னை வளர்த்தாள். ஆனால் நாவல் சக்கைப்போடு போட்டது. அம்மா சொன்னதைக் கேட்க நாதியில்லை.

எனக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டேன். காலியான வீட்டில் அத்தை, அப்பாவின் தங்கை, குடியேறினாள். அப்பா செத்த பிறகு, நாவலில் வரும் இடங்களைப் பார்க்க வாசகர்கள் வேன் வைத்து வருகிறார்கள். வீட்டைச் சுற்றிக்காட்டுவது அத்தை. அவர்கள் எதிரில் "எங்க அண்ணி ஓடிப்போகல" என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் அம்மாவுக்கு. அதற்காகத்தான் அந்த வேனிலேயே எங்களுக்கும் இடம் பிடித்தேன்.

வழிகாட்டி முக்குக்கு முக்கு வேனை நிறுத்தினான். "இங்கதான் அவ அவனைப் பார்த்து முதல்ல சிரிச்சது" என்றான் ஓரிடத்தில். எல்லோரும் படம் எடுத்தார்கள். அது என் பள்ளிக்கூட வாசல். சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்து நிற்கும் இடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையை அழுத்தினாள்.

வீட்டின் பின்னறையில், அம்மாவின் கட்டில் கிடந்த பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது.

"இங்க ஜன்னலே கிடையாதே" என்றாள் அம்மா.

அத்தை எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "வர்றவங்க எல்லாம் ஜன்னல் எங்கேன்னு கேக்குறாங்க அண்ணி. எத்தனை பேருக்கு இல்லைன்னு பதில் சொல்றது? சுவரை உடைச்சு வச்சுட்டேன்."

"சரி. நான் ஓடிப்போகலைன்னு மட்டும் சொல்லிடு."

"சொன்னா யாரு வருவா?" என்றாள் அத்தை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "தூரத்துச் சொந்தம்" என்று அம்மாவைக் காட்டினாள்.

ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பெருமூச்சு விட்டாள். "பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ."

"அந்தப் பிள்ளை நான்தான்" என்றேன். "எங்கம்மா எங்கயும் போகல. இதோ நிக்கிறாங்க."

அவள் அம்மாவைப் பார்க்கவேயில்லை. என் கன்னத்தைத் தொட்டாள். கண் கலங்கியிருந்தது. "அப்படியே நினைச்சுக்கம்மா. அதுல உனக்கு ஒரு ஆறுதல்னா யாரு தடுக்கப்போறா?"

என் அம்மா எனக்குச் செய்யாத துரோகத்துக்காக யாரோ ஒருத்தி என்னைத் தேற்றினாள். அத்தை ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னாள். காற்று நன்றாக வந்தது.

திரும்பும் வழியில், ஊர் எல்லை தாண்டியதும் அம்மா சொன்னாள்: "அந்த ரூம்ல மூச்சு முட்டும்டி. அப்பவே அந்த ஜன்னல் இருந்திருந்தா நான் போயிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.